டிஸ்க் சொன்ன சேதி

"அம்மணி, போர்வை டிசைன் அத்தனையும் போயிருச்சுங்களே!" ஈரோட்டு விசைத்தறி முதலாளி தம்பிதுரை பதறினார். அவருடைய கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் மோகனப்பிரியாவுக்குக் குழப்பம். டிஸ்கைச் சோதிக்கும் புரோகிராம் வெறும் எண்ணாகக் கொட்டுகிறது, ஒன்றும் புரியவில்லை என்று அவர் புலம்பியதால், போன மாதம்தான் அது ஊர்ப் பேச்சிலேயே சொல்லும்படி மாற்றி எழுதிக் கொடுத்திருந்தாள்.

"தினமும் திரையில வந்திருக்குமேங்க? 'ஏனுங்க, டிஸ்க் கொஞ்சம் சரியில்லீங்க, எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சுக்கோங்க'ன்னு?"

"வந்துதுங்க."

"புரியலீங்களா?"

"நல்லாப் புரிஞ்சுது அம்மணி."

"அப்புறம் என்னங்க பண்ணுனீங்க?"

"அத்தனை மரியாதையாச் சொல்றப்ப சும்மா இருக்க முடியுங்களா? தினமும் 'ஆகட்டுங்க'ன்னு நானும் பதில் அடிச்சுப்போட்டுத்தான் டீ குடிக்கவே போவேன்!"