திருப்பிச் சொன்ன குரல்

தரைதட்டிய சரக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவர் சூசைராயன். கேப்டனின் உத்தரவை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அவர் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் அவரை விட்டதில்லை.

விசாரணையில், கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள் முதலாளியைக் கைகாட்டினார்கள், முதலாளி கேப்டனை. கேப்டனோ தான் வாயே திறக்கவில்லை என்றார். சுக்கான் அறையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கேப்டனின் குரலைக் காற்றிரைச்சல் விழுங்கியிருந்தது. "இடது பத்து டிகிரி" என்று சூசைராயனின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. உத்தரவில்லாமல் திருப்பியது இவர்தானா என்று எல்லோரும் சூசைராயனைப் பார்த்தார்கள்; கேப்டன் தரையைப் பார்த்தார்.

வீட்டில் மனைவி செலஸ்டினா தட்டை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள்.

"சாப்பிட..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இங்க யாரு கேக்கப் போறா? சொல்லுங்க."

கை இறங்கவில்லை.