நான்கு மணிக்கு வரும் எண்

நான்கு மணிக்கு வரவேண்டிய எண் நாலே காலுக்கும் வரவில்லை.

மற்ற முப்பது பேரும் அனுப்பிவிட்டார்கள். அஹமது கபீர் மட்டும் பாக்கி. மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

நான் தாதியாக இருக்கும் மருந்தகத்திலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினேன்.

ரமலானில் நோன்பு வைக்கும் நீரிழிவுக்காரர்களுக்கான இந்தத் திட்டம் என்னுடையது. யாராவது கேட்டால் எங்கள் குழுவினுடையது என்பேன். எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியவள் நான். தினமும் மாலை நான்கு மணிக்கு விரலில் குத்தி, மீட்டர் காட்டும் சர்க்கரை எண்ணைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். நான்குக்குக் கீழே போனால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிட்டது, நோன்பை முறித்துவிட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பதினான்கைத் தாண்டினால் இரவு இன்சுலினை நான்கு யூனிட் கூட்ட வேண்டும்.

அந்தக் கடைசி வரியையும் நான்தான் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு நாளில் கபீர் மாமாவுக்கு இரண்டு முறை கூட்டியாகிவிட்டது.

நேற்றைய எண் பதினைந்து புள்ளி மூன்று. ஆனால் தொலைபேசியில் அவர் சொன்னது வேறு. "கை லேசா நடுங்குதும்மா. சட்டையெல்லாம் நனைஞ்சு போவுது. வெயில்தான்."

நான் எண்ணைப் பார்த்தேன். வெயில்தான் மாமா என்றேன்.

சர்க்கரை ஏறினால் கை நடுங்காது, இப்படி வியர்க்காது. இறங்கினால்தான். புதிதாக வரும் தாதியருக்கு இதை நானே பாடமாக எடுக்கிறேன்.

சிராங்கூன் சாலையில் பச்சை விளக்குக்காக நின்றபோதுதான் இது முழுதாக உறைத்தது. பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினேன். நோன்பில் காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் இறந்துவிடுவாரோ என்று நினைத்தேன். அதற்கு ஒரு கணம் முன்னால் புதன்கிழமைக் கூட்டத்தை நினைத்தேன். சிங்கப்பூரில் இன்னும் நான்கு மருந்தகங்களுக்குத் திட்டத்தைக் கொண்டுபோக முடிவெடுக்கும் கூட்டம்.

எது முதலில் வந்தது என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

டன்லப் சாலையில் பயணப் பெட்டிகள் விற்கும் கடை அவருடையது. பெட்டிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அஞ்சு நிமிஷம் பொறும்மா. திலீப் இப்பதான் கார்கோ ஆபீஸ்லேருந்து வந்தான். எடுத்து அனுப்பிடுறோம்."

திலீப் இருபது வருடமாக அவர் கடையில் வேலை பார்ப்பவர். திட்டத்தில் பதிவுசெய்ய வந்த அன்று கூட வந்தவர். வெயிலில் அலைந்து வந்த களைப்பில், நோன்பிருக்கும் மாமா பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் பெரிய தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

நான் கபீர் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்தேன்.

பதினோரு நாள் ஊசி பட்ட விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய பத்து விரல்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "ரத்தம் எடுத்தா நோன்பு போயிரும்மா."

"போகாது மாமா. கையேட்டுல மூணாம் பக்கத்துலயே போட்டிருக்கு."

"அதை யாரு படிச்சா லா." பேச்சு குழறியது. "திலீப்புக்கு நோன்பு இல்ல. ரத்தமும் ஜாஸ்தி. நானும் அவனும் இருபது வருஷமா ஒரே கடைச் சாப்பாடு. அவனுக்கு என்ன நம்பரோ அதான் எனக்கும். அனுப்பலேன்னா உன் மனசு நோகும்ல."

"ஊசி? ராத்திரி ஊசியக் கூட்டுனீங்களா?"

"நீ சொன்னியேம்மா. கூட்டுனேன்."

அதற்கு மேல் நான் அனுமதி கேட்கவில்லை. விரலில் குத்தினேன். இரண்டு புள்ளி ஆறு.

இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் முக்காலியிலிருந்து சரிந்திருப்பார். பையிலிருந்த பழச்சாற்றுப் பெட்டியைப் பிரித்து வாயருகே வைத்தேன். நோன்பு திறக்க இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம்தானே என்று உதட்டை மூடிக்கொண்டார். திலீப் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "குடிங்க பாய், அல்லாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குச் சிரித்த மாமாவின் வாயில் சாறு இறங்கியது.

கால் மணி நேரம் காத்திருந்தேன். என் படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தேதி, நேரம், எண், மருந்து, விடியலுக்கு முந்தைய சஹர் உணவு. அந்தக் கட்டங்களையே மனதுக்குள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுபடி குத்தினேன். நான்கு புள்ளி ஐந்து. மாமாவின் முகத்தில் நிறம் திரும்பியது. நோன்பு போன வருத்தத்தை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் குரல் தெளிவாக இருந்தது. எனக்கு அது போதும்.

திலீப் சுவர்ப்பக்கம் திரும்பினார். இன்னொரு பாட்டில். நான் வந்த பிறகு இது மூன்றாவது.

கைப்பேசியைத் திறந்தேன். பதினான்கு புள்ளி எட்டு. பதினாறு. பதினைந்து புள்ளி மூன்று. பதினோரு நாளின் படங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட மாமாவின் ரத்தம் இல்லை.

புதிய ஊசி ஒன்றைப் பிரித்தேன்.

"மறுபடியும் பாய்க்கா சிஸ்டர்?" என்று கேட்டபடி திலீப் வாயைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். பிறகு, பழக்கத்தில், தன் இடது கை விரலை நீட்டினார்.