தூங்குகிறவனுக்கு ஒரு கல்

கல்லறைக்கல் செதுக்கும் பட்டறையில் இயந்திரம் நின்றுவிட, வெள்ளைத் தூசி வெயிலில் மெல்ல இறங்குகிறது. கறுப்புக் கல்லில் தம்பியின் பெயருக்குக் கீழே சாக்பீஸில் 'நித்திரையடைந்தார்' என்று எழுதியிருப்பதை அக்காக்காரி முந்தானையால் அழுத்தித் துடைக்கிறாள். "தூங்குறவனுக்கு எதுக்குடி இவ்வளவு கனமான கல்லு? செத்துட்டான்னு எழுதச் சொல்லு." "எழுந்திருப்பாருன்னு நம்பித்தான் மண்ணு போட்டேன் அண்ணி. இல்லேன்னா நானும் குழிக்குள்ள இறங்கியிருப்பேன்" என்கிறாள் தம்பி மனைவி. "அந்த நம்பிக்கையிலதானே கடைசிவரை ஜெபம் பண்ணினே! பிழைச்சானா?" கல்தச்சர் யார் பக்கமும் திரும்பாமல் உளியைத் தீட்டுகிறார். தம்பி மனைவி சாக்பீஸை எடுத்து, அழிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மறுபடி எழுதுகிறாள். அக்காவின் கை முந்தானையைப் பிடிக்கிறது, ஆனால் கல்லைத் துடைக்கப் போகவில்லை. "எழுந்து வந்தா முதல்ல என் வீட்டுக்கு அனுப்பு" என்று பல்லைக் கடிக்கிறாள். "எங்க சண்டை பாதியில நிக்குது."