அரிசியில் முதல் வரி

சண்முகசுந்தரத்தின் மடியில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய அரிசியில் மூன்று வயது தனபாலன் 'அ' எழுதினான்.

விஜயதசமி காலை. தியாகராய நகரில் ஜவுளிக்கடை. அதன் மாடியிலேயே நல்லசிவத்தின் வீடு.

சண்முகசுந்தரம் உண்மையில் பையனுக்குத் தாய்மாமன் இல்லை. நல்லசிவத்தின் முதல் மனைவி ஜெயபாரதியின் அண்ணன். அவள் காய்ச்சலில் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டாவதாக வந்த தங்கபுஷ்பத்தையும் தங்கையாகவே நினைத்து, அவள் பிள்ளைக்கு விரல் பிடிக்கத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். அப்படி ஒரு தங்கமான மனுஷன்.

வரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லித்தான் கண் கலங்குவார். முடியவில்லை என்று ஜெயா ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் ஓடி வந்து கூட்டிப் போயிருப்பேனே என்பார். நல்லசிவம் தலையைக் குனிந்துகொள்வார்.

'அ' முடிந்ததும் சண்முகசுந்தரம் பிடியை விட்டார்.

விரல் நிற்கவில்லை.

பையன் தட்டைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். விரல் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எதிரே இருந்த நல்லசிவம் தலைகீழாகப் படித்தார்.

அன்புள்ள அண்ணனுக்கு.

'கு'வின் வாலை நீளமாகச் சுழித்துவிட்டு விரல் நின்றது. ஜெயபாரதி அப்படித்தான் எழுதுவாள்.

தபாலில் சேர்க்கச் சொல்லி அவள் நல்லசிவத்திடம் கொடுத்த இன்லண்டு லெட்டரும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதைப் பிரித்துப் படித்துவிட்டு, மச்சான் வந்து நின்றால் வேலை கெடும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று அலமாரியில் வைத்தார். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள். கடிதத்தை அடுப்பில் போட்டார். அவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

பாய்ந்து அரிசியைக் கலைத்தார். நல்ல நேரம் முடிந்துவிட்டது, பிள்ளைக்குப் பசிக்கும் என்று என்னவோ உளறினார்.

சண்முகசுந்தரம் அவர் கையை மெதுவாக விலக்கினார். உள்ளங்கையால் அரிசியை மறுபடி சமமாகப் பரப்பினார். முகமெல்லாம் கண்ணீர்.

பிறகு பையனின் காதருகே குனிந்தார்.

"மேல எழுதும்மா, ஜெயா. அண்ணன் படிக்கேன்."