நாலாவது பெயர்

"ஜெரோசன்ரை பெயரை வெட்டிவிடுங்கோ சேர்."

நல்லூரில் போட்டி நடக்கும் மண்டப வாசலில், மாதிரிப் பந்தலை இறக்கும்போதே நிவேதனா சொல்லிவிட்டாள்.

அருட்செல்வன் சேர் திடுக்கிட்டுத் திரும்பினார். "தொடங்க முதலே என்ன பிள்ளை?"

"அவன் ஒரு துரும்பைத் தூக்கிப் போடேல்லை சேர். கொழும்புத்துறைக் கரையிலை கிடந்த கிழிஞ்ச வலையெல்லாம் பொறுக்கி, உப்புப் போகக் கழுவினது டிலக்ஷி. உரும்பிராயிலை தடி நட்டுப் பந்தல் போட்டது சுபாங்கன். அளவெடுத்து அறிக்கை எழுதினது நான். உவன் சைக்கிளிலை அங்கையும் இங்கையும் ஓடி, எல்லாரோடையும் அலட்டிக்கொண்டு திரிஞ்சதுதான்!"

"நீர் குழுத் தலைவி. சான்றிதழுக்குப் பெயர் குடுக்கேக்கை சொல்லும், பாப்பம்."

மாணவர் குழுக்களுக்கான சூழல் போட்டி அது. மீனவர் எறிந்துவிட்ட நைலோன் வலைகளைத் தோட்டக்காரருக்குப் பாவற்காய்ப் பந்தலாக்குவது இவர்களின் திட்டம். கடற்கரையும் துப்புரவாகும், தோட்டத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் கயிறும் தேவையில்லை.

மண்டபம் முழுக்க ஒரே இரைச்சல். நடுவர் அம்மா ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தார்.

வந்தார். பந்தலைச் சுற்றிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"உந்த வலையிலை குருவி சிக்கினா என்ன செய்வியள்?"

நிவேதனாவும் டிலக்ஷியும் ஆளையாள் பார்த்தார்கள். குழுவை இரண்டாக்கிய கேள்வி அல்லவா!

"சின்னக் கண் வலையைக் கட்டாதை. புலுனிக் குருவி சிக்கிச் செத்துப்போம்" என்று அன்றைக்கு டிலக்ஷிதான் சொன்னாள்.

"பாவற்காயைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்று நிவேதனா பாய்ந்தாள்.

"அப்ப நீயே வலையைக் கழுவு!"

அதோடு பேச்சு நின்றது. வேலையும் நின்றது. ஒரு கிழமை போனபிறகு ஜெரோசன்தான் சைக்கிளில் வந்து சொன்னான். "டிலக்ஷி சரியா அழுதவள். தான் கத்தினது பிழையாம். உன்னட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவள்."

நிவேதனாவின் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது. அடுத்த நாளே கொழும்புத்துறைக்கு ஓடினாள். டிலக்ஷியும் சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள். பழசை இருவரும் கிளறவில்லை.

இப்போது டிலக்ஷி ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "சின்னக் கண் வலையை நாங்கள் விரிச்சுக் கட்டுறேல்லை மிஸ். முறுக்கிக் கயிறாக்கிப்போட்டம். பெரிய கண் வலை மட்டுந்தான் பந்தலுக்கு."

"ஒரு குருவியும் சிக்கேல்லை மிஸ்," நிவேதனா துள்ளினாள். "எங்கடை உரும்பிராய்ப் பந்தலிலை புலுனி கூடு கட்டி முட்டையும் இட்டிருக்கு!"

நடுவர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஓரமாக நின்ற ஜெரோசனைப் பார்த்தார். "தம்பி, உம்மடை பங்கு என்ன?"

அவன் தலையைச் சொறிந்தான். "பெரிசா ஒண்டுமில்லை மிஸ். எல்லாம் இவையள்தான்."

'கேட்டியளோ? தன்ரை வாயாலையே சொல்லிப்போட்டான்' என்று நிவேதனா சேரைப் பார்த்தாள்.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். முதலாம் இடம் இவர்களுக்கு!

"அந்த மாதிரி!" என்று சுபாங்கன் குதித்த குதியில் மாதிரிப் பந்தல் ஒரு பக்கம் சரிந்தது. டிலக்ஷி ஓடிவந்து நிவேதனாவைக் கட்டிப்பிடித்தாள். ஜெரோசன் கைதட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் எங்கோ போய்விட்டான்.

சேர் பேனையோடு வந்தார். "சொல்லும் பிள்ளை. சான்றிதழுக்கு மூண்டு பெயரோ, நாலு பெயரோ?"

நிவேதனா டிலக்ஷியின் கையைப் பிடித்தாள். "பொறுங்கோ சேர், முதல்ல இவளுக்கு நன்றி சொல்லோணும். எடியே, அண்டைக்கு நீ மட்டும் மன்னிப்புக் கேட்டு ஆளனுப்பியிருக்காட்டி, நாங்கள் இண்டைக்கு இஞ்சை நிக்கமாட்டம்."

டிலக்ஷி கையை விட்டாள். "நானோ? நான் எப்ப மன்னிப்புக் கேட்டனான்? நீயெல்லோ சாப்பிடாமல் கிடந்து அழுது, 'என்னை மன்னிக்கச் சொல்லு' எண்டு ஜெரோசனிட்டைச் சொல்லி அனுப்பினனி!"

"நானோ!"

சுபாங்கன் குதிப்பதை நிறுத்தினான். "பொறுங்கோ, பொறுங்கோ. ரியூசனுக்கு நேரம் காணாதெண்டு நான் விட்டிட்டுப் போகேக்கை, 'சுபாங்கனை விட்டா பந்தலுக்கு ஆளில்லை' எண்டு நீங்கள் ரெண்டுபேரும் கண் கலங்கினீங்களெண்டு அவன் வந்து சொன்னவனே..."

"நாங்களோ?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

டிலக்ஷிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூவருக்கும் அடக்க முடியவில்லை.

"நாலு பெயர் சேர்," நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஜெரோசன்ரையை முதல்ல எழுதுங்கோ."

"சரி, ஆளெங்கை?"

தேடினார்கள். அங்காலை, தோற்றுப்போன ஒரு குழு 'உன்னாலை' 'உன்னாலை' என்று பிடுங்குப்பட்டுக்கொண்டு நின்றது. அதிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட ஒரு பிள்ளையை வாசலில் மறித்து, ஜெரோசன் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கோவிக்காதையும் தங்கச்சி. உம்மைப் பற்றி அவையள் இப்ப என்னட்டை எவ்வளவு நல்லாச் சொன்னவை தெரியுமோ?"