அரை நாள் மெஷின்

எட்டாவது கோழியைக் கூண்டிலிருந்து தூக்கியபோதுதான் அக்கா அதன் கொண்டையைப் பார்த்தாள். கறுத்திருந்தது.

கோழி திமிறவில்லை. கழுத்து துவண்டு அவள் முழங்கைமேல் கிடந்தது.

குனிந்து கூண்டுக்குள் பார்த்தாள். மூலையில் இன்னும் இரண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. நேற்று மாலை வரை ஒன்றையொன்று கொத்தி ஊரைக் கூட்டிய கோழிகள்.

பதினைந்து வருஷமாகக் கோழி வளர்ப்பவளுக்கு இது என்னவென்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் வாடகை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு டிரம், உள்ளே சுற்றிலும் ரப்பர் விரல்கள். அறுத்து வெந்நீரில் முக்கியெடுத்த கோழியைப் போட்டால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இறகெல்லாம் போய் மொழுக்கென்று வெளியே வரும். ஒரு நாளைக்குத்தான் கொடுப்பார்கள். காலையில் அக்காவுக்கு, மத்தியானம் தங்கைக்கு என்று பேச்சு. சாயங்காலம் வியாபாரி வந்து இரண்டு வீட்டிலும் உரித்த கோழியை எடுத்துக்கொள்வான்.

தங்கை வீடு நாலு வீடு தள்ளி. அவளிடம் நூறு கோழிகள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அந்த நூறும்தான். இந்த டிரம் அங்கே போனால் நோயும் கூடவே போகும்.

சொல்லிவிடலாம். சொன்னால் கால்நடை ஆபீஸிலிருந்து வருவார்கள். பறவைக் காய்ச்சல் என்றால் நல்லது கெட்டது பார்க்க மாட்டார்கள். தெருவில் இருக்கிற அத்தனை கோழியையும் ஒரே குழியில் தள்ளிச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் தங்கையின் நூறும் சேர்த்திதானே? சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும். தனக்கு வேண்டிய நியாயத்தை மனசு எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்து கொடுக்கிறது!

எட்டாவதை அறுத்தாள். மூலையில் நின்ற இரண்டையும் அறுத்தாள்.

இறகும் தலையும் போன பிறகு எல்லாக் கோழியும் ஒன்றுதான். மீதியையும் முடித்து, முப்பதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கினாள்.

பிறகு மெஷினைக் கழுவ உட்கார்ந்தாள். பிளீச்சிங் பவுடர், கொதிக்கிற தண்ணீர், ஒரு பழைய பல் பிரஷ். ஒவ்வொரு ரப்பர் விரலாகத் தேய்த்தாள். ஓர் இறகை எடுத்தால் அதன் பின்னால் இன்னொன்று ஒட்டியிருந்தது. கைத்தோல் வெந்தது. கடவுளே, போதும் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

தள்ளுவண்டி சத்தம் கேட்டது. தங்கை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

“கழுவாதக்கா. அப்படியே குடு.”

“கொஞ்சம் பொறுடி. இன்னும் ஒரு தடவை ஊத்திடறேன்.”

தங்கை பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். குரலை இறக்கினாள்.

“எங்க வீட்டுல முந்தாநாளே ஆரம்பிச்சிடுச்சு. அதான் உன்னை முதல்ல எடுத்துக்கச் சொன்னேன். அங்க ஓடின மெஷின் உன் கோழிமேல பட்டுடக் கூடாதுல்ல. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத.”

அக்காவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

முதல் முறையைத் தங்கை தனக்கு விட்டுக் கொடுத்தபோது, சோம்பேறிக் கழுதைக்கு விடிந்த பிறகும் தூக்கம் கேட்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். இவளோ அக்காவை நினைத்து முந்தாநாளே யோசித்திருக்கிறாள். தான் காலையிலிருந்து யோசித்ததை இவளிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் தங்கை எழுந்துவிட்டாள்.

“புள்ளைங்க ரெண்டும் கறி கறின்னு உயிரை வாங்குதுங்க. என்னோடத வியாபாரி தலையில கட்டிடலாம், பெத்ததுங்களுக்கு எப்படிக்கா போடறது? உன்னோடதுல ஒன்னு எடுத்துக்கறேன்.”

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். முப்பது பைகளும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தன. அவள் கை ஒன்றின்மேல் போய், தயங்கி, திரும்பி வந்தது.

“நீயே பார்த்து நல்லதா ஒன்னு எடுத்துக் குடுக்கா.”

அக்கா பெட்டிக்குள் பார்த்தாள். அந்த மூன்றும் எவை என்று அவளுக்கே தெரியவில்லை.