உள்ளே விடாதவள்

கேட்டை உள்பக்கம் பூட்டி வைத்திருந்தாள் உமாமகேஸ்வரி. நெடுங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த நாத்தனார் சாரதாம்பாள், ஆரஞ்சுப் பழப் பையோடு தெருவில் நின்றார். குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

"தூங்குறா அண்ணி. பையைக் குடுங்க, நான் குடுத்துடுறேன்."

அறிவுமதிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு. இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொன்றை உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இப்போது நோய் தணிப்பு சிகிச்சை நர்ஸ் ஒருவர் செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்து, மூச்சுத் திணறல் குறைய மருந்து தந்துவிட்டுப் போகிறார். அப்பா சிவநாதனுக்குப் புதுச்சேரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பேச ஆளில்லாத உமா, செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருப்பாள்.

ஆனாலும் சொந்தக்காரர்கள் யாரையும் அவள் உள்ளே விடுவதில்லை. திமிர் என்றார்கள். பெண் பிள்ளை என்பதால் வைத்தியத்தை நிறுத்திவிட்டாள், அதனால்தான் முகம் காட்டப் பயம் என்றும் அவர்கள் ஊரான விழிதியூரில் பேச்சு.

சாரதாம்பாள் திரும்பப் போகும் நேரம், பைக்கில் வந்து இறங்கினார் தாரிக். அடுத்த தெரு. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுபவர். குளித்த தலை ஈரம்கூடக் காயவில்லை.

"வாங்க பாய்" என்று கேட்டைத் திறந்து அவரை உள்ளே விட்ட உமா, மறுபடியும் பூட்டினாள்.

சாரதாம்பாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"தூங்குற புள்ளையைப் பாக்கத்தான் அவரு போறாராக்கும்?"

உமா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அறிவுமதியின் குரல் கேட்டது.

"நேத்து தோத்தது மறந்துபோச்சா மாமா?"

"அழுகுணி ஆட்டம் ஆடி ஜெயிச்சிட்டுப் பேச்சைப் பாரு. எடு தாயக்கட்டையை."

சிரிப்பு. சண்டை. மறுபடி சிரிப்பு.

"ரத்த சொந்தம் தெருவுல, லாரிக்காரர் கூடத்துல. நல்லாருக்கு உமா. என் தம்பி வரட்டும், கேக்குறேன்."

"அவருக்கும் தெரியும் அண்ணி." உமா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போன தடவை வந்து, அவளைக் கட்டிப்புடிச்சு அழுதீங்க. வந்தவங்க எல்லாருமே அழுதாங்க."

"புள்ளை மேல பாசம். அழாம இருக்க முடியுமா?"

"பூட்டச் சொன்னது நான் இல்ல அண்ணி, அவதான். 'வர்றவங்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்குதும்மா'ன்னா."